ஓரத்தில் ஒரு கேள்விக்குறி

என்னுடைய நாவல் ஒன்றில் மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன அத்தை பதினேழாம் அத்தியாயத்தில் காபி கலந்துகொண்டு வந்தாள். எழுதிய எனக்கு அது தெரியவில்லை. வாராவாரம் அச்சிட்ட பத்திரிகைக்காரர்களுக்கும் தெரியவில்லை. வாசகர்கள்கூட, பாவம், அத்தையின் காபியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். கதை புத்தகமாக வந்தபோது புரூப் பார்த்தவர்தான் அந்த வரிக்கு நேரே, ஓரத்தில், சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பக்கத்தில் பொடி எழுத்தில், "அத்தை இருக்கட்டுமா?" என்று கேட்டிருந்தார்.

அதற்கு மேல் எழுத மாட்டார். எழுத்துப் பிழையை அவரே திருத்திவிடுவார். ஆனால் ஆசிரியனுடைய சரக்கில் கை வைக்க மாட்டார். கேள்விக்குறி மட்டும்தான். "இது திருத்தம் இல்லை சார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்" என்பார்.

எங்கள் பழக்கம் 1989-ல் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்து மாடியில் ஆரம்பித்தது. ஈயத்தில் அச்சுக் கோத்த நாளில் வேலைக்கு வந்தவர் அவர். ஈயம் போயிற்று; ஆப்செட் வந்தது; கம்ப்யூட்டர் வந்தது. அவர் மட்டும் அதே மர ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக இருந்தார். ஸ்கேலை வரிக்குக் கீழே வைப்பார். வரியை முணுமுணுப்பாகப் படிப்பார். பிறகு ஸ்கேல் ஒரு வரி கீழே இறங்கும். 'வாழை இலை' என்பது 'வாளை இலை' என்று விழுந்திருந்தால், "மீனுக்கு இலை முளைக்காது சார்" என்று சிரிக்காமல் சொல்வார். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.தான். டாக்டர் பட்டத்துக்கு எழுதுகிறவர்கள் தங்கள் ஆராய்ச்சிக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். என் நடை தெளிவாக இருக்கிறது என்று யாராவது பாராட்டினால் அதில் பாதி அவருக்குச் சேர வேண்டியது. மீதிப் பாதியைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இவ்வளவு சொல்கிறவன் பெயரைச் சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது. அவர் உடம்பில் எச்.ஐ.வி. இருக்கிறது.

நம்பிச் சொன்ன ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவருடைய எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. பெயரை விட்டுவிட்டாலும் கேட்டு எழுதுவதுதானே முறை என்று ஒரு சம்மதக் கடிதம் தயார் செய்து கொண்டு போனேன். அதில் விட்டுப்போயிருந்த ஓர் ஒற்றைப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

2006-ல் மூன்று மாதம் ஆளைக் காணவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், பாதி ஆளாக, என் வீட்டுக்கு வந்தார். கடற்கரைக்குப் போகலாம் என்றார். காந்தி சிலைக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்தோம். "சார், எனக்கு எச்.ஐ.வி. என்று சொல்லிவிட்டார்கள். தாம்பரத்தில் மாத்திரை வாங்குகிறேன். இனிமேல் உங்கள் புரூப்பை நான் தொடலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

தொட்டால் ஒட்டுகிற வியாதி இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு கதையில் அதைப் பெரிய வசனமாகவே எழுதியிருந்தேன். இருந்தும் ஒரு விநாடி என் கை என் முழங்காலிலேயே இருந்தது. அடுத்த விநாடிதான் நகர்ந்து அவர் கையைப் பிடித்தது. அந்த முதல் விநாடியை அவர் கவனித்திருப்பார். புரூப் பார்க்கிறவர் அல்லவா?

எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. வாசகர்களுக்கும் அது வேண்டாம்.

இந்தக் கிருமி இந்தியாவுக்கும் வந்துவிட்டது என்று முதலில் கண்டுபிடித்ததே நம் ஊரில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியான செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது தெரிந்தது. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் ஏழைகளுக்குப் பெரும்பாலும் ஆறுதல்தான் மருந்து. 2004 ஏப்ரலில் சர்க்கார் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் ஆரம்பித்த சில இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. என் சிநேகிதர் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் உடம்பில் எதிர்ப்புச் சக்தி கரைந்து அடிமட்டத்துக்கு வந்திருந்தது. பிழைத்தார். நாற்பத்து மூன்று வயதில் போயிருக்க வேண்டியவர் அறுபதைத் தாண்டினார்.

அறுபதைத் தாண்டினால் மறதி வரத்தானே செய்யும்? அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டேன்.

என்னுடைய வழக்கம் ஒன்று உண்டு. அவர் பார்த்து அனுப்பிய புரூப்பை நானும் ஒரு தடவை புரட்டிவிட்டுத்தான் அச்சகத்துக்கு அனுப்புவேன். பிழை தேடுவதற்காக அல்ல, என் எழுத்தை நானே படித்து ரசிப்பதற்காக. 2019-ல் வந்த நாவலில் அவர் விட்டதாக மூன்று பிழைகள் என் கண்ணில் பட்டன. அது ஒரு பெரிய விஷயமில்லை. 2023-ல் வந்த நாவலில் நாற்பத்தாறு. ஒரு வரி இரண்டு தடவை அச்சாகியிருந்தது. மரகதம் என்ற பெண் இருபது பக்கம் தள்ளி மங்களமாகியிருந்தாள். எதிர்க் கட்டிலில் படுத்திருந்த நோயாளி ஒரே இரவில் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாறியிருந்தார். கேள்விக்குறியே இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பச்சை மையில் நானே திருத்தினேன். அந்தப் பக்கங்களை நகல் எடுத்து நேராக அச்சகத்துக்கு அனுப்பினேன். மூலத்தைப் பரணில் போட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த சிறுகதைத் தொகுப்புக்கும் அப்படியே செய்தேன். கூலியை மட்டும் வழக்கம்போல் பக்கக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். தாட்சண்யம் என்று இதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர். அதைச் சொல்லும்போது மனசுக்கு இதமாகவே இருந்தது.

2024-ல் ஒரு நாள் போன் செய்தார். "சார், ஒரு சோதனைக்குப் போகணும். கூட ஒருத்தர் வந்தால் நல்லது என்கிறார் டாக்டர். மகள் வெளியூர். அவளைப் போனில் கேட்டால் 'அப்பா எப்பவும்போலத்தான்' என்கிறாள். வேலையில் என்னைப் பார்க்கிறவர் நீங்கள்தான்."

என்ன சோதனை என்று கேட்டேன்.

"மூளைக்கு. நான்தான் போய்ச் சொன்னேன். படித்த வரியையே மறுபடி படிக்கிறேன் சார். ஸ்கேல் இறங்கிவிடுகிறது, நான் இறங்கவில்லை."

டாக்டரம்மா முதலில் கைச் சோதனை ஒன்று செய்து பார்த்திருக்கிறார். 2005-ல் வந்த சோதனை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் செய்யலாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஐந்து விநாடியில் எத்தனை தடவை தட்டிக்கொள்கின்றன என்று எண்ணுவார்கள். பிறகு கையை முஷ்டியாக, உள்ளங்கை கீழே பார்க்க, பக்கவாட்டில் என்று மேஜை மேல் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார்கள். நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். பன்னிரண்டுக்குப் பத்தோ அதற்குக் கீழோ வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இவருக்கு ஒன்பதரை. தொப்பிக்குக் குறிப்புக் கொடுக்க வேண்டியிருந்ததாம். "நம் ஊரில் யார் சார் தொப்பி போடுகிறார்கள்?" என்று என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு முழுதாக இல்லை.

சோதனை நடந்த இடம் ஒரு சின்ன அறை. மேஜை, லாப்டாப், மின்விசிறி. ஆலோசகராக இருந்த பெண்ணுக்கு என் மகள் வயசு இருக்கும். "ஐயா, விளையாட்டு மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க" என்றாள். திரையைப் பார்த்ததும் என் சிநேகிதர் திடுக்கிட்டுவிட்டார். திரையில் இருந்தது ஒரு சீட்டு! ஆட்டின், இஸ்பேட் போட்ட அதே விளையாட்டுச் சீட்டு.

"அம்மா, நான் சீட்டைத் தொட்டதே இல்லை. எங்க அப்பா வீட்டிலே சேர்க்க மாட்டார்."

"ஆட வேண்டாம் ஐயா. சீட்டு திரும்பினதும் இந்த விசையைத் தட்டுங்க, போதும்."

ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், உருவான சோதனை இது. காக்ஸ்டேட் என்று பெயர். சிட்னியில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இதைச் செய்து பார்த்து 2006-லேயே எழுதியிருக்கிறார்கள். சீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது பாஷை இல்லாத படம், அநேகமாக எல்லா நாட்டிலும் பார்த்துப் பழகியது என்பது. ஒரு தமிழ்க் குடும்பத் தகப்பனாரின் கண்டிப்பை அவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது.

முதலில், கவிழ்ந்திருக்கும் சீட்டு எப்போது திரும்புகிறதோ அப்போது தட்ட வேண்டும். அவ்வளவுதான். அடுத்தது, திரும்பிய சீட்டு சிவப்பா, இல்லையா? வலது விசை ஆம், இடது விசை இல்லை. மூன்றாவதில், இந்தச் சீட்டை இந்த ஆட்டத்தில் ஏற்கனவே பார்த்தீர்களா என்று கேட்கிறது. நாலாவதில், இது இதற்கு முந்தின சீட்டேதானா என்று கேட்கிறது. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம். ஒவ்வொரு தட்டலுக்கும் எடுத்த நேரத்தை இயந்திரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணி வைத்துக்கொள்கிறது. கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் மனிதரால் அது ஆகாது. முறையான மூளைத் திறன் சோதனை என்றால் அதற்கென்று படித்த நிபுணர் இரண்டு மூன்று மணி நேரம் கூட உட்கார வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அதனால்தான் இந்த மாதிரி வழிகளைத் தேடுகிறார்கள். நியூயார்க்கில் உருவான இன்னொன்றைக் கைப்பேசியிலேயே செய்யலாம். தென்னாப்பிரிக்காவில் சாதாரண சுகாதார ஊழியர்களை வைத்தே அதை நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டிலும் முதுகு நேராக இருந்தது. மூன்றாவதில் கொஞ்சம் வளைந்தது. நாலாவதில், முந்தின சீட்டேதானா என்று கேட்கிற இடத்தில், அவருடைய இடது கை தானாக மேஜையைத் தடவியது. ஸ்கேலைத் தேடுகிறது என்று எனக்குப் புரிந்தது.

ஆரம்பத்தில் அந்தப் பெண் வயசு கேட்டாள், அறுபத்தொன்று. எத்தனை வருஷம் படிப்பு என்று கேட்டாள், பத்து. இரண்டையும் தட்டிக்கொண்டாள். பத்து வருஷம் படித்த அறுபது வயதுக்காரர்கள் பொதுவாக எவ்வளவு செய்வார்கள் என்ற கணக்கோடு இவரை ஒப்பிட வேண்டுமாம். நியாயந்தான். ஐந்தாவது படித்தவரைப் பேராசிரியரோடு நிறுத்துவைத்தால் அநியாயம். ஆனால் பத்து வருஷம் படித்த அறுபது வயதுக்காரர்கள் எல்லோரும் செத்துப்போன அத்தையைக் கண்டுபிடிப்பார்களா? இவர் எந்த உயரத்திலிருந்து இறங்கியிருக்கிறார் என்பது அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி எனக்கு அப்போதே தோன்றியது. கேட்காமல் இருந்துவிட்டேன். ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். கிருமி உடம்பில் நுழைந்த சில வாரங்களிலேயே மூளைக்குள்ளும் போய்விடுகிறது என்றார். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள்தான் அதைச் சுமந்துகொண்டு உள்ளே போகின்றன. சிந்திக்கிற நரம்பு அணுக்களுக்குள் அது குடியேறுவதில்லை; அவற்றுக்குக் காவலாக இருக்கும் அணுக்களுக்குள் குடியேறி, ஓயாத ஒரு கொதிப்பை உண்டாக்குகிறது. மூளையைச் சுற்றியுள்ள தடுப்பைத் தாண்டி எல்லா மருந்தும் சரிசமமாக உள்ளே போவதில்லை. மருந்து ஆரம்பிப்பதற்குள் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இறங்கியிருந்ததோ, அவ்வளவுக்கு இந்தத் தொந்தரவு வரும் வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் அதிகமாகப் பரவியிருக்கும் 'சி' வகைக் கிருமி மூளையை அவ்வளவாகத் தொடாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை.

"உங்களுக்கு ஞாபகம் பரவாயில்லை. வேகமும், ஒன்றை மனசிலே பிடித்துக்கொண்டே இன்னொன்றைப் பார்ப்பதும்தான் கொஞ்சம் குறைச்சல். ஆனால் இது சல்லடைதான். இதை வைத்து வியாதி என்று சொல்லிவிட மாட்டேன்" என்றார்.

என் சிநேகிதர் தலையாட்டினார். "தெரியும் டாக்டர். ஓரத்திலே கேள்விக்குறி."

இந்த விஷயத்தில் வைத்தியர்களுக்குள்ளேயே வெகு காலமாக வழக்கு நடக்கிறது. பிராஸ்காட்டி என்று ரோமாபுரிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரால் 2007-லிருந்து ஒரு வகைப்பாடு வழங்குகிறது. சோதனையில் குறைவு, ஆனால் வாழ்க்கையில் தொந்தரவு இல்லை என்றால் ஒன்று. குறைவும் உண்டு, அன்றாட வேலையும் கொஞ்சம் தடுமாறுகிறது என்றால் இரண்டு. இரண்டும் முற்றிப்போனால் மூன்று. இந்த அளவுகோலை வைத்து அமெரிக்காவில் 1,555 பேரைச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் இந்த மூன்றில் ஒன்றில் விழுந்தார்கள். மூன்றாவதில் விழுந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். பெரும்பாலோர் முதல் வகை. உடனே சிலர், இந்தக் கோட்டை வைத்து அளந்தால் எந்த வியாதியும் இல்லாதவர்களிலும் ஐந்தில் ஒருவர் மாட்டிக்கொள்வாரே என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2023-ல் பல தேசத்து நிபுணர்கள் சேர்ந்து, வெறும் மதிப்பெண் குறைவைக் குறைபாடு என்று அழைக்கக் கூடாது என்று எழுதினார்கள். எனக்கு இது சரியென்றே படுகிறது. ஏற்கனவே ஒரு பெயரைச் சுமந்துகொண்டு ஊருக்கு மறைந்து வாழ்கிறவன் தலையில் இரண்டாவது பெயரையும் ஏற்றுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டாமா?

ஆனால் யாருடைய கட்சி ஜெயித்தாலும் ஒரு கேள்வி மிச்சமாகிறது. அவர் வேலையில் மாறுதல் உண்டா? இதை எந்தச் சீட்டும் சொல்லாது. கூட இருக்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மா அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க ரொம்ப வருஷமா பார்க்கிறீங்க. வேலையிலே ஏதாவது வித்தியாசம் தெரியுதா சார்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றும் தெரியவில்லை. எப்போதும்போலத்தான்" என்றேன்.

அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். நான் பொய்யையே பிழைப்பாக வைத்திருப்பவன். நாற்பது வருஷமாக இல்லாத மனிதர்களைப் பற்றி எழுதிக் காசு வாங்குகிறேன். அத்தனை பொய்யிலும் ஒன்றுகூட இப்படி ஒரு தாளில், ஒருவருடைய வைத்தியத்துக்கு ஆதாரமாக, ஏறினது கிடையாது.

மின்சார ரயிலில் திரும்பும்போது அவர் சந்தோஷமாக இருந்தார். வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். "கம்ப்யூட்டர் சொன்னது கிடக்கட்டும் சார். நீங்கள் சொன்னீர்களே, அதுதான் எனக்குச் சர்ட்டிபிகேட்" என்றார். கடலை தொண்டையில் இறங்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். தூங்கினேன். விடிந்து எழுந்ததும்தான் தாங்கவில்லை. ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். 2009-லிருந்து அவர் பார்த்த புரூப்கள் கட்டுக் கட்டாக இருந்தன. இயந்திரத்துக்குத் தெரியாத அந்தப் பழைய உயரம், தூசு படிந்து, சணல் கயிற்றில் கட்டிக் கிடந்தது. பழையதில் ஒரு கட்டு, 2019-ல் வந்தது, பச்சை மை போட்ட இரண்டு கட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் அல்ல, அவர் வீட்டுக்குப் போனேன்.

வாசல் திண்ணையில் வைத்துப் பிரித்தேன். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஸ்கேலை எடுத்து வந்தார். முதல் பச்சைக் குறியைப் பார்த்தார். இரண்டாவது. மூன்றாவது. பக்கத்து வீட்டில் குக்கர் நாலு தடவை கூவி அடங்கிற்று. அவர் நிறுத்தவில்லை.

கடைசியில் கேட்டார், "எத்தனை நாளாக சார்?"

"ஒன்றரை வருஷமாக."

"நான் பார்க்காத பக்கத்துக்கும் எண்ணிக் காசு கொடுத்திருக்கிறீர்கள்."

நான் பேசாமல் இருந்தேன்.

"பிச்சை என்று சொல்லிக் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேனா, மாட்டேனா, அது என் யோக்கியதை. கூலி என்று சொல்லிக் கொடுத்துவிட்டீர்களே சார்."

அன்று காபி கொடுக்கவில்லை. கட்டுகளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

பத்து நாள் பேச்சில்லை. பதினோராம் நாள் வந்தார். கையில் ஒரு நீள நோட்டு. விட்டுப்போன பிழைகளை எல்லாம் அவரே தரம் பிரித்து எழுதியிருந்தார், பக்கம், வரி, நேரம் எல்லாம். எந்தப் பக்கத்தை எப்போது பார்த்தோம் என்று ஓரத்தில் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு ஈயக் காலத்திலிருந்தே உண்டு.

"பாருங்கள் சார். ல, ள, ழ ஒன்றுகூட விடவில்லை. ஒற்று ஐந்துதான். மீதி எல்லாம், முன்னால் படித்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு பின்னால் பிடிக்க வேண்டியவை. அதுவும் முக்கால்வாசி மத்தியானம் மூன்று மணிக்கு மேலே." குரலில் கோபம் இருந்தது. ஆனால், ஒரு நல்ல பிழையைப் பிடித்த சந்தோஷமும் அடியில் இருந்தது என்றே எனக்குத் தோன்றியது. "இந்த நோட்டை டாக்டரிடம் காட்டப் போகிறேன். நீங்கள் வந்து, அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும்."

போனோம். சொன்னேன். அந்த அம்மாள் என்னைக் கண்டிக்கவில்லை. நிறையப் பேர் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். நோட்டை மட்டும் ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு சரமாரியாகக் கேள்வி கேட்டார். தூக்கம் எப்படி? மாத்திரை எப்போது? பல வருஷமாக இவர் சாப்பிட்ட பழைய மாத்திரையில் எபவிரென்ஸ் என்ற மருந்து இருந்தது. கெட்ட கனவும் தலைச் சுற்றலும் வரும் என்று ராத்திரி படுக்கப் போகும்போது சாப்பிடச் சொல்வார்கள். 2020-க்குப் பிறகு டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார்கள். இவர் பழைய வழக்கப்படி அதையும் ராத்திரியே விழுங்கிக்கொண்டிருந்தார். புதியது சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்குமாம். "காலையிலே சாப்பிடுங்க" என்றார். ரத்தம் எடுத்தார்கள். பி 12 வைட்டமின் வெகுவாகக் குறைந்திருந்தது, ஊசி போட்டார்கள். தைராய்டு சரி. சர்க்கரை எல்லைக்கோட்டில். ரத்தத்தில் கிருமி கணக்கில் சிக்காத அளவுக்கு அடங்கியே இருந்தது. மனைவி போன பிறகு மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதற்குப் பதில் வர நேரமாயிற்று. நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் சீட்டு. முன்பு பார்த்த சீட்டுகள் ஞாபகம் இருந்து மதிப்பெண் கூடிவிடாதா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சீட்டு கலைத்துப் போட்டுத்தான் வரும் என்றாள். அதற்கும் சீட்டு வசதியாகத்தான் இருக்கிறது. இந்தத் தடவை அவர் வீட்டிலிருந்து ஸ்கேலைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வேகம் கொஞ்சம் ஏறியிருந்தது. நாலாவது ஆட்டம் அப்படியேதான் இருந்தது. வைட்டமின் எவ்வளவு, தூக்கம் எவ்வளவு, துக்கம் எவ்வளவு, கிருமி எவ்வளவு, வயசு எவ்வளவு என்று அவர் கேட்டார். அப்படிப் பிரித்து எழுத முடியாது என்றார் டாக்டர். இரண்டாவது வகையா, முதல் வகையா என்று நான் கேட்டேன். எனக்கு மட்டும் ஏன் இந்த வகை மோகமோ தெரியவில்லை. "மத்தியானத்துக்கு மேலே புரூப் பார்க்காதவர் வகை" என்றார் என் சிநேகிதர்.

இப்போது காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை பார்க்கிறார். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பக்கம். பாத்திரங்களின் பெயர், வயசு, உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். அந்த நோட்டை ஒரு நாள் இரவல் வாங்கி வந்து, என் அடுத்த நாவலுக்கு நானே வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். கொடுக்க மாட்டேன் என்கிறார். கூலியை அவரே குறைத்துக்கொண்டார். அதில் எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

இந்தக் கட்டுரையின் புரூப்பையும் அவர்தான் பார்த்தார். கடற்கரையில் என் கை ஒரு விநாடி நகராமல் இருந்ததாக எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த இடத்துக்கு நேரே சிவப்பில் ஒரு கேள்விக்குறி இருந்தது. பக்கத்தில், "இரண்டு விநாடி?" என்று எழுதியிருந்தார். நான் மாற்றவில்லை. பிறகு என் வழக்கப்படி நானும் ஒரு தடவை புரட்டினேன். நாலாம் பக்கத்தில் 'சோதனை' என்பது 'சாதனை' என்று விழுந்திருந்தது. அவர் விட்டிருந்தார்.

பச்சைப் பேனாவை மூடிவிட்டுப் போனை எடுத்தேன்.

"எந்தப் பக்கம்?" என்றார். "இருங்கள், ஸ்கேலை எடுத்துக்கொண்டு வருகிறேன்."